விஷமுறிவு மருந்தும் நம் பக்கத்து இருளர்களும்



காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில், இட்லி என்று எழுதாதவர்கள் இல்லை. நானும் எழுதியிருக்கிறேன். இன்று நம் ஏரிக்கரைகளிலும் செங்கல் சூளைகளிலும் வாழும் இருளர் மக்களைப் பற்றி எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இவர்களையும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கிறது.

ஒரு காலத்தில் இவர்கள் பாம்பு பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனால் இவர்களின் அடுப்பு அணைந்தது. அப்போது ரோமுலஸ் விட்டேக்கர் இவர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, சில வாரங்கள் பானையில் வைத்து, விஷம் எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுவார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அதைப் பிரித்தெடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் தொடங்கி வைத்த முறை இது. இந்தியாவில் இந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக வடநெம்மேலியிலிருந்துதான் போகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்த மருந்து இல்லாவிட்டால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ! 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியவர்கள் அவர்கள்.

நாட்டுக்கே மருந்து கொடுத்த சமூகத்துக்கு மருத்துவம் எட்டியிருக்கிறதா? இதுதான் என் கேள்வி.

ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, 108 இருக்கிறது. ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு நிலையான முகவரியே கிடையாது. பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டும். முன்பணம் வாங்கிச் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டால், பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளில் ஊரில் இருக்க மாட்டார்கள். பள்ளியில் பெயர் எழுதிவிட்டு, தை பிறந்ததும் காணாமல் போன பிள்ளைகளை என் வருகைப் பதிவேட்டில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

2019 ஜூலையில் நம் மாவட்டத்துக் கோனேரிக்குப்பத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டது நினைவிருக்கும். அவர்கள் இருளர்கள். உடம்புக்கு முடியாதபோதும் முதலாளியைக் கேட்டுத்தான் வெளியே போகலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்து என்ன பயன்?

நம் நெசவாளர்களை எண்ணிப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் இருந்ததால், 2005-06இல் நெசவாளர் சுகாதாரக் காப்பீடு வந்தபோது அவர்களைத் தேடிப் பிடிப்பது சுலபமாக இருந்தது. பாம்பு பிடிக்கும் சங்கத்தில் இருப்பதோ சில நூறு இருளர்கள்தான். மற்றவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. நீலகிரி கூடலூரில் 1990 முதல் ஆதிவாசி மருத்துவமனை நடக்கிறது. அங்கே பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸ்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். தன் மொழி பேசுகிற, தன் வீட்டுப் பெண் கையில் ஊசி இருந்தால் பயமும் கூச்சமும் போய்விடும். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. 2023இல் நலிவுற்ற பழங்குடிகளுக்காக மத்திய அரசு தொடங்கிய ஜன்மன் திட்டத்தில் நடமாடும் மருத்துவ வண்டிகளும் உண்டு. அந்த வண்டிகள் சூளை வாசலுக்கும் வர வேண்டும். அதில் ஒரு இருளர் பெண் பணியாளராக இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர்களே, மனு எழுதுவதும் படிவம் நிரப்புவதும் நமக்குக் கைவந்த வேலை. உங்கள் ஊரில் கார்டு இல்லாத இருளர் குடும்பம் ஒன்று இருந்தால், ஒரு நாள் அவர்களோடு தாலுகா ஆபீஸுக்குப் போய் வாருங்கள். காப்பீட்டு அட்டை கைக்கு வரும் வரை விடாதீர்கள். போய் வந்தவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் வழி தெரியட்டும்.