பதவி இருந்தது, பாதுகாப்பு இல்லை



ஜப்பானியர் ஆட்சி என்றாலே மரவள்ளிக்கிழங்கும் சயாம் மரண ரயிலும்தான் நம்ம நினைவுக்கு வரும். அந்த ஆட்சியில் செல்வாக்கோடு இருந்தவங்க நிலைமை எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?

1941 டிசம்பரில் பினாங்கும் 1942 ஜனவரி இறுதியில் நம்ம பத்து பாகாட்டும் ஜப்பானியர் வசமாயின. பினாங்கு வழக்கறிஞர் என். இராகவன், மலாயா இந்திய சுதந்திர லீக்கின் தலைவர். ஜப்பானிய அதிகாரிகளிடம் நேரில் பேசக்கூடியவர். இந்திய இளைஞர்களுக்கு உளவுப் பயிற்சி தரும் சுவராஜ் பயிற்சி நிலையத்தையும் நடத்தினார்.

அந்த நிலையத்தின் மாணவர்கள் சிலரை, அவரிடம் ஒரு வார்த்தைகூட சொல்லாமல், இந்தியாவுக்கு அனுப்ப ஜப்பானியர் கூட்டிப் போனார்கள். எதிர்த்து நிலையத்தை மூடினார், வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1942 டிசம்பர் 29-இல் இந்திய தேசிய இராணுவத் தளபதி மோகன் சிங்கும் கைதானார். இரகசியத்தை நம்பி ஆளும் அரசு, கூட்டாளியிடமும் உண்மையைச் சொல்லாது. கேள்வி கேட்டால் பதவியையும் பார்க்காது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துடாதீங்க. இராகவன் பிழைத்தார், 1950களில் சீனாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அச்சம் எல்லாருக்கும் பொது. அதற்குக் கொடுத்த விலை பொது அல்ல. தேர்வில் இந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுதுங்க.