பத்துப் பெற்றவர்கள் பேசுகிறார்கள்... மற்றவர்கள்?

(பெர்மாஸ் ஜெயாவில் ஒளிப்பதிவான தாய்சேய் நலக் கருத்துக்களத்தில், நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒளிப்பதிவு தொடங்குவதற்கு முன் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, பிள்ளை பெறுவதற்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுகிறீர்கள்! நாங்கள் எல்லாம் பத்துப் பெறவில்லையா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மேடைக்கு ஏறும்போது அந்தக் கேள்வியும் என்னோடு ஏறிக்கொண்டது.

நான் டாக்டர் அல்ல. மருத்துவ விளக்கத்தை இங்கே வந்திருக்கும் டாக்டரும் தாதியரும் சொல்வார்கள். பாட்டியின் கேள்விக்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

என் பாட்டியும் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்தான். எட்டுப் பெற்றார், ஆறு தங்கியது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் பாட்டிக்கு ஓர் அக்கா இருந்தார். மூன்றாவது பிரசவத்தில், லயத்து வீட்டிலேயே, உதிரம் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கதையை யாரும் கேட்பதில்லை. பத்துப் பெற்றவர்கள் நம்மோடு இருந்து பேசுகிறார்கள். பெறும்போதே போனவர்கள் பேச வருவதில்லையே!

கணக்கைப் பாருங்கள். 1950இல் மலாயாவில் ஒரு லட்சம் பிள்ளைகள் உயிரோடு பிறந்தால், 500க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். அதாவது ஏறத்தாழ 200 பிரசவத்துக்கு ஒரு தாய். எட்டுப் பிள்ளை பெறும் பெண் அந்த ஆபத்தை எட்டு முறை தாண்ட வேண்டும். அப்படிப்பட்ட 25 பெண்களில் ஒருவர் பேறுகாலத்தில் இறப்பார் என்று வருகிறது. ஒரு லயத்தில் எத்தனை குடும்பம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவருடைய அக்கா அதில் இருந்திருப்பார்.

தோட்டமும் தாயும்

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, 1911இல், கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு ஆகியவை முக்கியக் காரணங்கள். கொக்கிப்புழு வெறுங்காலில் நடப்பவர்களின் தோல் வழியே புகுந்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும். மலேரியாவும் இரத்தத்தைத்தான் அழிக்கும். இந்த இரண்டையும் சுமந்த உடலோடு ஒரு பெண் கருவுற்றால் என்ன ஆகும்? மற்றவர்களுக்குப் பிழைத்துப் போகும் அளவு உதிரப்போக்கு, இரத்தச்சோகை உள்ளவளுக்கு உயிர்ப்போக்காக முடியும்.

கருவுற்றாலும் வேலை குறையவில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, மங்கு, பால் வாளி. 1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று வீட்டில் இருந்தால் அந்த 40 காசும் இல்லை.

உலகம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1919இல் வாஷிங்டனில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டைக் கூட்டியது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு எடுக்கக் கூடாது, முன் ஆறு வாரம் விடுமுறை கேட்க அவளுக்கு உரிமை உண்டு, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு முறை அரைமணி நேரம் விட வேண்டும் என்று தீர்மானித்தது. ஆனால் அது தொழிற்சாலைக்கும் வணிகத்துக்கும் போட்ட விதி. ரப்பர் மரத்தடியில் நின்ற நம் பாட்டி அந்தக் கணக்கில் வரவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியையும், தாய்க்குப் பேறுகாலப் படியையும், ஆயா கொட்டகையையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. ஆயா கொட்டகை நமக்கு வெறும் நினைவு. அன்றைக்கு அது சட்டத்தால் வந்த உதவி.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

இங்கிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தெரிகிறது. ஜொகூர் கடற்பாலம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட அதே 1924இல்தான், அங்கே எருமைக் கொட்டகை என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் பகுதியில், அந்தப் பெயரிலேயே இலவச மகப்பேறு மருத்துவமனை தொடங்கியது. அப்போது சில பத்துக் கட்டில்கள்தான் இருந்தன. 1966இல் அந்த ஒரே மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 பிள்ளைகள் பிறந்தன! கதவைத் திறந்து வைத்து, காசு கேட்காமல் இருந்தால், நம் பெண்கள் மருத்துவமனைக்கு வர மாட்டார்கள் என்ற பேச்சு பொய்யாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே சிங்கப்பூரில் 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் ஓர் உரை ஆற்றினார். அதன் தலைப்பு, பாலும் கொலையும். இனிப்புக் கட்டிப் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடு என்று விற்பது குழந்தைகளைக் கொல்கிறது என்று, பால் நிறுவனங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். நம் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். காலை ஐந்து மணிக்குப் பிள்ளையைக் கொட்டகையில் விட்டு நிரைக்குப் போன தாய், நடுவில் எப்படி ஓடி வந்து பால் கொடுப்பாள்? தாய்ப்பாலை மறக்கச் செய்தது விளம்பரம் மட்டுமல்ல, வேலை நேரமும்தான்.

கீரையில் இருந்த மருந்து

கருவுறுமுன்பே தயாராக வேண்டும் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் இந்தியாவின் ஏழைத் தொழிலாளிப் பெண்கள். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டர் பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கடும் இரத்தச்சோகையால் வெளுத்துச் சாவதன் காரணத்தைத் தேடினார். நம் நீலகிரியில், குன்னூர் ஆய்வுக் கூடத்திலும் வேலை செய்தார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறியதைக் கண்டார். அதற்குள் இருந்த சத்தை 1941இல் கீரையிலிருந்து பிரித்து எடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, முன்பு முதுகுத்தண்டுக் குறையுள்ள பிள்ளை பெற்ற பெண்கள் கருவுறுமுன் இருந்தே இதை எடுத்துக்கொண்டால் அந்தக் குறை மீண்டும் வருவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. ஏன் முன்பே? கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள் தண்டுவடக் குழாய் மூடிவிடுகிறது. அப்போது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரியாது. நாள் தள்ளிப்போன பிறகு மாத்திரை தேடினால் அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும். முருங்கைக்கீரை நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கீரையோடு மாத்திரையும் வேண்டும்.

பிடானும் பிங்க் புத்தகமும்

சுதந்திரத்துக்குப் பின் கிராமப்புறச் சுகாதாரச் சேவை விரிந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கம்பங்களுக்குப் போனார்கள். நம் அரசாங்கம் செய்த ஒரு நல்ல காரியம், பழைய பிடான்களை விரோதியாக்கவில்லை. 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ் அவர்களைப் பதிவு செய்து, சுத்தம் கற்பித்து, ஆபத்து என்றால் உடனே அனுப்பிவைக்கச் சொன்னார்கள். பின்னாளில் பிங்க் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணக் குறி வந்தது. சிவப்பு என்றால் தாமதமின்றி மருத்துவமனை. 1991 முதல் ஒவ்வொரு தாயின் இறப்பையும், யாரையும் தூக்கிலிட அல்ல, எங்கே தவறியது என்று அறிய, இரகசியமாக விசாரிக்கிறார்கள்.

விளைவு? லட்சத்துக்கு 500க்கு மேல் இருந்தது, 2019இல் 21 அளவுக்கு இறங்கியது. ஆனால் கொவிட் காலத்தில், 2021இல், அது 68ஆக எகிறியது. எழுபது ஆண்டு உழைப்பில் கிடைத்த ஒன்று, கொஞ்சம் கவனம் தவறினால் போய்விடும் என்பதற்கு அந்த ஓராண்டே போதும்.

இருபத்து நான்காம் நாள்

இப்போது என் கதை. 2019இல் எனக்குத் தலைப்பிள்ளை. நான் ஊழியர் அல்ல. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். மகப்பேறு விடுமுறை கேட்டேன். "ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் இல்லையே" என்றார்கள். பெயர் சொல்லப் போவதில்லை; சொல்லி ஆவதும் ஒன்றுமில்லை. இருபத்து நான்காம் நாள், சேலைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு, கேமரா முன் நின்று சிரித்தேன். அன்று வீடு திரும்பியதும் என் அம்மா ஒன்றும் பேசவில்லை. "உன் பாட்டியும் இப்படித்தான் வெட்டுக்குப் போனார்" என்று மட்டும் சொன்னார்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் நெடுங்காலம் 60 நாளாக இருந்த விடுமுறை, 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். அது 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2000இல் வகுத்த அளவு. திருமணமான தந்தைக்கும் 7 நாள் உண்டு. ஆனால் அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். தாய்க்குப் பேறுகாலப் படி கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஐந்து பிள்ளைகள் இருந்தால் அடுத்ததற்குப் படி இல்லை. என்னைப் போல் ஒப்பந்தத்தில் பிழைப்பவர்கள், வீட்டிலிருந்து பலகாரம் விற்பவர்கள் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறோம். ஆகவே கருவுறுவதற்குத் தயாராகும் பெண்களே, வேலைக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள்!

பத்தியத்தில் எது நல்லது?

மலாய்க்காரருக்குப் பந்தாங், சீனருக்கு ஒரு மாத ஓய்வு, நமக்குப் பத்தியம். மூன்றும் சொல்வது ஒன்றுதான்: பெற்றவளை வேலை வாங்காதே. பூண்டு, சுறாப்புட்டு, உடம்பு பிடித்துவிடுதல் எல்லாம் இருக்கட்டும். ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் சுரக்க அது வேண்டும். காய்கறியை விலக்காதீர்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். ஒரு வயதுக்குள் பிள்ளையின் நாக்கில் தேன் தடவாதீர்கள். துணி நனைந்து நனைந்து மாற்றும்படி உதிரம் போனால், காய்ச்சல் வந்தால், சாம்பிராணி போட்டுக் காத்திராதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அவள் அழுதுகொண்டே இருந்தால், அது திமிரும் அல்ல, திருஷ்டியும் அல்ல. கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

பாட்டி, நீங்கள் பத்துப் பெற்றது உண்மை. உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போய்ப் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து உங்கள் கதையைச் சொல்லும்போது, உங்கள் லயத்தில் பெறும்போதே போனவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் பாட்டியின் அக்கா பெயரை எங்கள் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். சொல்ல ஆள் இல்லை.