அரசு பராமரிப்பில் குழந்தைகள் (அந்தமான் நிக்கோபார்)

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பெற்றோரை இழந்தோ கைவிடப்பட்டோ ஆதரவற்று நிற்கும் குழந்தைகளைக் காத்து வளர்க்கும் பொறுப்பு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அரசு நிர்வாகத்தைச் சார்ந்ததாகும். சட்டமன்றமில்லாத ஒன்றியப் பிரதேசமாதலின், இப்பொறுப்பு துணைநிலை ஆளுநரின் கீழ் இயங்கும் நிர்வாகத்திடமும், தென் அந்தமான், வடக்கு மற்றும் மத்திய அந்தமான், நிக்கோபார் ஆகிய மூன்று மாவட்டங்களின் துணை ஆணையர்களிடமும் உள்ளது.

குழந்தையைப் பெற்றோரிடமே திருப்புவதா, இல்லத்தில் சேர்ப்பதா, வளர்ப்புக் குடும்பத்தில் ஒப்படைப்பதா என்று தீர்மானிப்பது தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு. கண்டெடுக்கப்பட்ட குழந்தையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இக்கணக்கில் சேராது. பிற இடங்களில் சிறு சலுகையாகத் தோன்றும் இவ்விலக்கு, கப்பலையும் கடலின் நிலையையும் நம்பியிருக்கும் இத்தீவுகளில் இன்றியமையாததாகும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்தினின்று மாவட்ட நடுவருக்கு மாறியது. பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விட்டு நீங்குவோருக்கு இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்பு உண்டு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பல குழந்தைகளை அநாதைகளாக்கியது. நிக்கோபாரியரிடையே நிலத்தையும் தென்னந்தோப்பையும் பொதுவில் ஆளும் 'துஹெட்' என்னும் கூட்டுக்குடும்பம், தாய் தந்தையற்ற சிறுவரைத் தன் மக்களாகவே ஏற்கும் மரபுடையது. உறவினர் பராமரிப்புக்கு இல்லத்தைவிட முதலிடம் தரும் சட்டக் கொள்கைக்கு இது முற்றிலும் இசைவானது.