ரேடார்வழி அசைவளவை

பாலம், கோபுரம், அடுக்குமாடிக் கட்டடம் ஆகியவற்றின் அசைவையும் அதிர்வையும் தொடாமல், தொலைவிலிருந்தே ரேடாரால் அளக்கும் முறை. கட்டுமானத்தில் பட்டுத் திரும்பும் நுண்ணலையின் அலைக்கட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு அசைவு கணிக்கப்படுகிறது. தரையில் நிறுத்தும் கருவிகள் பல 17 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அலைநீளம் சுமார் 17.6 மில்லிமீட்டர். அலை போய்த் திரும்புவதால் 8.8 மில்லிமீட்டர் நகர்வுக்கே கட்டம் ஒரு முழுச் சுற்று மாறிவிடும். அப்படியானால் ஒரு பாகை மாற்றம் 0.025 மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவைக் காட்டும். நொடிக்கு நூறு முறைக்கு மேல் அளக்க முடிவதால் இயல்பு அதிர்வெண்ணும் கிடைக்கிறது.

மெதுவாகப் புதையும் அடித்தளத்துக்குச் செயற்கைக்கோள் ரேடாரே ஏற்றது. இஸ்ரோவும் நாசாவும் உருவாக்கிய ரேடார் செயற்கைக்கோளான நிசார் 2025 ஜூலை 30 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்16 ராக்கெட்டில் ஏவப்பட்டது. ஒரே இடத்தை 12 நாளுக்கு ஒருமுறை நோக்கும் நிசாரால் அதிர்வை அளக்க முடியாது.

குமரி மாவட்டத்தில் தரை ரேடார் முறைக்கு மிகப் பொருத்தமான கட்டுமானம், கால்வாய் நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம் எனலாம். பறளியாற்றுப் பள்ளத்தாக்கின்மேல் 115 அடி உயரத்தில் 28 தூண்கள் தாங்கி நிற்கும் இது 1960-களில் கட்டப்பட்டது. அவ்வளவு உயரத்தில் உணரிகளைப் பொருத்துவதும் கம்பி இழுப்பதும் கடினம், ஆபத்தும்கூட. தொட்டி ஏழரை அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்டது. விளிம்புவரை நிறைந்தால் மீட்டருக்கு ஏறக்குறைய 5 டன் தண்ணீர். எடை கூடினால் இயல்பு அதிர்வெண் குறையும். விரிசலாலும் அது குறையும். ஆகவே தண்ணீர் ஓடும்போதும் கால்வாய் அடைத்திருக்கும்போதும் தனித்தனியே அளந்து, ஆண்டுதோறும் ஒத்த நிலைகளையே ஒப்பிட வேண்டும். வெயிலின் தாக்கத்தையும் கழிக்க வேண்டும். இல்லையேல் பழுதில்லாத பாலத்தைப் பழுதென்று எண்ணிவிட நேரும்.

கன்னியாகுமரிக் கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டரில் நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலையும் இத்தகைய கருவிக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. இம்மாவட்டத்தின் முப்பந்தலில் நிற்பவை போன்ற காற்றாலைக் கோபுரங்களை ஐரோப்பாவில் ரேடாரால் அளந்திருக்கிறார்கள்.

ரேடார் தன்னை நோக்கியோ விலகியோ நிகழும் அசைவை மட்டுமே உணரும். ஒரே தொலைவிலுள்ள இரு புள்ளிகளையும் எளிய கருவியால் பிரித்தறிய முடியாது. மாத்தூரில் ஆற்றங்கரையிலிருந்து மேல்நோக்கி அளந்தால் தொட்டியின் தொய்வு தெரியும். தூண்களின் பக்கவாட்டு ஆட்டத்துக்கு, பாலத்தை நேர்குறுக்காகப் பார்க்கும் உயரமான இடத்தில் கருவியை வைக்க வேண்டும்.