சக்கரவாளத்துக்கு அப்பால்

உலகம் தட்டையானது என்றால் விளிம்பில் கடல் ஏன் வழிந்து போகவில்லை? இந்தக் கேள்விக்கு விடைபோல நிற்பது பௌத்தர்களின் சக்கரவாளம். நடுவில் மேரு மலை, சுற்றிலும் ஏழு மலை வளையங்கள், அப்புறம் வெளிக்கடல், கடைசியில் அந்தக் கடலுக்கே கரையான வட்ட மலை. அதை இரும்பு என்கிறது அபிதர்மகோசம் என்ற பௌத்த நூல்.

வடமொழியில் சக்கரவாட, சக்கரவால என இரு வடிவங்கள் உண்டு, பாலியில் சக்கவாள. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர் அளவே தந்துவிடுகிறார்: குறுக்களவு 12,03,450 யோசனை (பழைய தூர அளவு), சுற்றளவு 36,10,350. வகுத்துப் பாருங்கள், சரியாக மூன்று வரும். வட்ட விகிதத்தில் இவ்வளவு தாராளம் காட்டியவர் கடைசி ஐம்பது யோசனையை மட்டும் விட மனமில்லாமல் எண்ணியிருக்கிறார்!

மலைக்கு அப்பால்? இன்னொரு சக்கரவாளம், அதற்கப்பால் இன்னொன்று, கணக்கே இல்லை. மூன்று வளையல்களை ஒட்டிவைத்தால் நடுவில் ஓர் இடுக்கு விழுமே, அங்கேதான் லோகாந்தரிகம் என்ற நரகம். உலகங்களுக்கு இடைப்பட்டது என்பது பெயரின் பொருள். சூரியனும் நிலவும் எட்டாத இருட்டு. பாவிகள் மலையின் புறச்சுவரில் வௌவால்களாகத் தொங்குகிறார்கள் என்கிறது உரைமரபு.

ஒவ்வொரு உலகுக்கும் ஒரு வேலி என்றானபின், வேலியின் பெயர் உள்ளே இருப்பதற்கும் ஆகுபெயரானது. சிங்களத்தில் சக்வல, தாய்லாந்து மொழியில் சக்கரவான். இரண்டும் அண்டத்தைக் குறிக்கின்றன. விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டது மலையாளம்: அங்கே சக்ரவாளம் என்றால் தொடுவானம். பழைய பொருளுக்கு அதுவே நெருக்கம் என்பேன்.

தமிழில் இந்தச் சொல்லை நினைவூட்டுவது மணிமேகலையின் ஆறாம் காதை. மகனைப் பறிகொடுத்த கோதமை என்பவளுக்காகத் தெய்வமான சம்பாபதி சக்கரவாளத்துத் தேவர்களை எல்லாம் வரவழைக்கிறாள். போன உயிரை மீட்டுத்தர ஒருவராலும் ஆகவில்லை. அவர்கள் கூடிய இடத்தில் மேரு, மலைகள், கடல், தீவுகள் என உலகம் முழுவதையும் சிற்றுருவாகத் தெய்வத்தச்சன் மயன் அமைத்தான். அதனால் அது சக்கரவாளக் கோட்டம். புகார் நகர மக்களுக்கோ அந்த இடம் வெறும் சுடுகாட்டுக் கோட்டம்தான்.