36 வீடுகள், ஒரே முகம்

போன பொதுக்குழுக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் எதற்குச் செலவானது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். பால்கனியில் யார் எந்த மாதிரி கிரில் போடலாம், என்ன நிறத்தில் ஷீட் இறக்கலாம் என்ற பேச்சுதான். "என் வீடு, என் பால்கனி" என்றது ஒரு பக்கம். "வெளிப்பக்கம் எல்லோருக்கும் பொது" என்றது இன்னொரு பக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. பி பிளாக்கில் பச்சை ஷீட் தொங்குகிற வீடு என்னுடையது என்பதால்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பாரிஸ் ஞாபகம் வந்தது. மகள் அங்கே வேலையில் இருந்தபோது போய்ச் சில வாரங்கள் தங்கியிருந்தோம். எல்லோரையும் போல ஈபில் கோபுரம் பார்த்தோம். ஆனால் என் மனதில் நின்றது பிளாஸ் தெ வோஜ் என்ற சதுக்கம்தான். நாம் இப்போது சண்டை போடுகிற விஷயத்துக்கு அங்கே 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மன்னர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

கதை ஒரு சாவில் தொடங்குகிறது. அந்த இடத்தில் முன்பு தூர்னெல் என்ற அரண்மனை இருந்தது. 1559 ஜூன் 30 அன்று அரச குடும்பத் திருமணங்களை ஒட்டி அருகிலிருந்த தெருவில் குதிரை மீதேறி ஈட்டியால் மோதும் போட்டி நடந்தது. மன்னர் இரண்டாம் ஹென்றியே களத்தில் இறங்கினார். எதிராளியின் ஈட்டி உடைந்து அதன் சிராய் மன்னரின் கண்ணுக்கு மேல் பாய்ந்தது. பத்து நாள் வேதனைப்பட்டு ஜூலை 10 அன்று அதே அரண்மனையில் இறந்தார். அவர் மனைவி கேத்தரின் தெ மெடிசிக்கு அதன் பிறகு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் இடித்துத் தள்ள உத்தரவிட்டார். அரண்மனை இருந்த மனையில் குதிரைச் சந்தை கூடியது.

பிறகு வந்த நான்காம் ஹென்றி கணக்குப் பார்க்கத் தெரிந்த மன்னர். இத்தாலியப் பட்டுக்காக நாட்டின் பணம் வெளியே போய்க்கொண்டிருந்தது அவரை உறுத்தியது. (பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் பிடிக்கும். இறக்குமதியைக் குறைக்க உள்நாட்டில் தொழில் தொடங்கு என்பது நாம் நினைப்பதைவிடப் பழைய யோசனை.) 1604-இல் அந்த மனையின் வடபுறம் பட்டுத் தொழிற்கூடம் வந்தது. மறு ஆண்டு, 1605-இல், அதன் எதிரே ஒரு சதுக்கம் அமைக்க அரச ஆணை பிறந்தது. பட்டுத் தொழில் சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. கூடத்தை இடித்து அந்தப் பக்கமும் வீடுகளாக்கினார்கள். தொழிலுக்குத் துணையாக நினைத்த சதுக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த ஆணையில் இருந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். மனை கிட்டத்தட்ட இலவசம். வாடகை ஆண்டுக்கு ஒரு தங்க நாணயம், அதுவும் பெயருக்கு. வீட்டைச் சொந்தச் செலவில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் சதுக்கத்தைப் பார்க்கும் முகப்பு மன்னர் கொடுத்த வரைபடத்தின்படியே இருக்க வேண்டும். பின்னால் எத்தனை அறை, முற்றம் எவ்வளவு, மாடிப்படி எங்கே என்பதெல்லாம் அவரவர் விருப்பம். மாதிரி காட்ட, தென்புறம் நடுவில் மன்னர் தம் செலவிலேயே ஒரு கட்டடம் எழுப்பினார். மற்றவற்றைவிட உயரமான அதன் பெயர் மன்னர் மாளிகை. அதற்கு நேர் எதிரே வடக்கில் அரசி மாளிகை. பெயர்தான் அப்படி, நான்காம் ஹென்றி அதில் குடியிருக்கவில்லை. சதுக்கம் முடிவதையும் அவர் பார்க்கவில்லை. 1610-இல் பாரிஸ் தெருவில் அவரை ஒருவன் குத்திக் கொன்றான். 1612 ஏப்ரலில் அவர் மகன் பதின்மூன்றாம் லூயியின் திருமண நிச்சயத்தைக் கொண்டாடிப் பெரிய விழாவோடு திறந்தார்கள். அப்போது அதன் பெயர் பிளாஸ் ருவாயால், அதாவது அரச சதுக்கம்.

நடுவில் நின்று பார்த்தால் கணக்கு தெளிவாகத் தெரியும். பக்கத்துக்கு ஏறக்குறைய 140 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் 9 வீடுகள், மொத்தம் 36. ஒவ்வொரு வீட்டுக்கும் தரைத்தளத்தில் 4 வளைவுகள், அவற்றுக்கு மேல் இரண்டு மாடி, மாடிக்கு 4 ஜன்னல். சிவப்புச் செங்கல், ஓரங்களில் வெளிறிய கல் பட்டை. அதற்கு மேல் கருநீலச் சிலேட்டுக் கல் வேய்ந்த செங்குத்தான கூரை. கூரைகள் மட்டும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்கின்றன. அதனால்தான் இது ஒரே கட்டடம் அல்ல, 36 பேருடைய வீடு என்று தெரிகிறது. வளைவுகளுக்கு உள்ளே சதுக்கம் முழுக்க ஒரு நடைபாதை ஓடுகிறது. மேலே தனியார் வீடு, கீழே ஊரார் நடக்கும் வழி. மழை வந்தால் நனையாமல் நடக்கலாம். நாங்களும் நடந்தோம்.

விதிக்கு எல்லோரும் ஒழுங்காகக் கட்டுப்பட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அருகில் நின்று உற்றுப் பார்த்தால், சில முகப்புகளில் செங்கல்லே இல்லை. சுண்ணச் சாந்து பூசி, அதன் மேல் சிவப்பு வண்ணத்தில் செங்கல் மாதிரி வரைந்திருக்கிறார்கள்! செங்கல்லுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்த புண்ணியவான்கள். கிளை ஆடிட் சமயத்தில் இந்த மாதிரி ஜோடனைகள் பார்த்துப் பழகியவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏமாற்றியவரும் விதியில் இருந்த தோற்றத்தைத்தான் வரைந்தாரே தவிர, தன் இஷ்டத்துக்கு வேறு நிறம் அடிக்கவில்லை.

அமைதியான இடமாகவும் அது எப்போதும் இருந்ததில்லை. பிரபுக்கள் வாளெடுத்து மோதிக்கொள்வதைத் தடுக்க ரிஷ்லியூ காலத்தில் கடும் சட்டம் வந்தது. 1627 மே மாதம் பூத்வில் என்ற பிரபு அதைச் சட்டை செய்யாமல் பட்டப்பகலில் இந்தச் சதுக்கத்திலேயே மோதினார். அடுத்த மாதம் அவர் தலை போனது. பிறகு நடுவில் பதின்மூன்றாம் லூயியின் வெண்கலச் சிலை வந்தது. புரட்சியில் அதை உருக்கிவிட்டார்கள். இப்போது இருப்பது பின்னால் செய்த பளிங்குச் சிலை. பளிங்குக் குதிரை எடை தாங்காது என்று வயிற்றுக்குக் கீழே ஒரு மரத்தண்டு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஏ பிளாக் சன்ஷேடுக்குக் கொடுத்த முட்டு போலத்தான்.

நடுத்திடலைச் சுற்றி இரும்புக் கிராதி போட்டது 1680-களில். அந்தச் செலவை வீட்டுக்காரர்களே பங்கிட்டுக் கொடுத்தார்கள் என்று படித்தபோது நம் பொருளாளரை நினைத்துக்கொண்டேன். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழைய கிராதியை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். அதை எதிர்த்தவர்களில் ஒருவர் அங்கே குடியிருந்த விக்டர் ஹியூகோ.

இன்றைய பெயர் வந்த விதம் வங்கிக்காரனுக்கு மறக்காது. புரட்சிக்குப் பிறகு அரச சதுக்கம் என்ற பெயர் ஒத்துவரவில்லை. வரியை முதலில் கட்டிய மாவட்டத்தின் பெயரை வைப்போம் என்றார்கள். கிழக்கே வோஜ் மலைப்பகுதி முந்திக்கொண்டது. 1800-இல் பெயர் மாறியது. மன்னராட்சி திரும்பியபோதெல்லாம் பழைய பெயரும் திரும்பியது. 1870-க்குப் பிறகுதான் வோஜ் நிலைத்தது. பராமரிப்புத் தொகையை முதலில் கட்டுகிறவர் பெயரை நம் பூங்காவுக்கு வைக்கலாம் என்று செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

பணக்காரர்கள் வேறு பகுதிகளுக்குப் போய்விட, அந்த வட்டாரமே நலிந்தது. பெரிய மாளிகைகளின் முற்றங்களில் பட்டறைகள் வந்தன, அறைக்கு ஒரு குடும்பம் என்று ஆனது. 1962-இல் அமைச்சர் மால்ரோ கொண்டுவந்த சட்டம்தான் பழைய பகுதிகளை மொத்தமாகக் காப்பாற்றியது. கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் வாடகை ஏறி, அங்கிருந்த கைத்தொழில்காரர்கள் பலர் வெளியேற நேர்ந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஹியூகோ 1832 முதல் 1848 வரை 6ஆம் எண் வீட்டின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார். நம்மில் மூத்தவர்களுக்கு "ஏழை படும் பாடு" படம் நினைவிருக்கும். நாகையா நடித்தது. அதற்கு மூலமான நாவலை ஹியூகோ எழுதத் தொடங்கியது இந்த வீட்டில் இருந்தபோதுதான், 1845-இல். வீடு இப்போது அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் பாஸ்தீ மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடம்தான். மாடி ஏறியதும் அவருடைய மேசை நாற்காலிகளைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலோரம் போய் எதிர்வரிசை வீடுகளைப் பாருங்கள். நான் அங்கே நின்ற கொஞ்ச நேரத்தில், எந்த வீடு யாருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பச்சை ஷீட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டேன். மேற்கு வெயிலுக்கு என்ன செய்வது என்று வீட்டில் கேட்கிறார்கள். எல்லா பால்கனிக்கும் ஒரே நிறத்தில் மூங்கில் திரை வாங்கினால் என்ன விலை ஆகும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்.