குவளைக்கு வரி செலுத்திய நாடு

திருக்கோவலூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே தனித்து நிற்கும் பாறையொன்றைக் கபிலர் குன்று என்பர். உச்சியில் சிறியதொரு கோயில். பாரி மறைந்தபின் அவன் மகளிருக்காக மன்னர்களின் வாயில்தோறும் அலைந்த கபிலர், தம் வாழ்வை முடித்துக்கொண்ட இடம் இதுவென்பது மரபு. அவர் வடக்கிருந்தார் என்கிறது புறநானூற்றின் அடிக்குறிப்பு. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராஜராஜர் காலத்துக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்று பேசுகிறது. மலையமான் குடியில் பிறந்த இராஜராஜரின் அன்னை வானவன் மாதேவியார், கணவருடன் தீப்புகுந்ததைப் போற்றும் கல்வெட்டு அது. தம் குலத்தின் பெருமையைச் சொல்லப் புகுந்தவர்களுக்கு, ஆயிரமாண்டு பழமையான ஒரு புலவரின் நினைவு தேவைப்பட்டிருக்கிறது!

2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபின், கபிலக்கல்லும் கல்வராயன் மலையும் ஒரே மாவட்டத்திற்குள் அமைந்துவிட்டன. நிர்வாகத்தார் தம் வசதிக்காக வரைந்த கோடுதான். என்றாலும் குறிஞ்சியின் பெரும்புலவரும் ஒரு குறிஞ்சி நிலமும் ஒரே முகவரிக்கு வந்து சேர்ந்ததில் எங்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவுறுத்தப் பாடப்பெற்றதென்று சொல்லப்படும் அப்பாட்டில், தலைவியும் தோழியும் சுனையாடிப் பறித்துக் குவிக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தது முதல் இன்றுவரை, இப்பட்டியலோடு போராடாத தமிழ்த் தாவர ஆய்வாளர் இல்லை எனலாம். இக்கட்டுரையில் நாம் தொண்ணூற்றொன்பதையும் தொடப்போவதில்லை. உயர்ந்து நின்றும், படர்ந்து ஏறியும் பூக்கும் கருநிற மலர்கள் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

பட்டியலில் அவ்வாறு நான்கு பெயர்கள் உள்ளன. கருவிளை, காயா, குவளை, நெய்தல். கருவிளையை நீலமணிக்கு ஒப்பிடும் கபிலர், அதற்கு முன்னதாகவே செருவிளையைத் தனியாகச் சொல்லிவிடுகிறார். இவ்விரண்டும் நாம் சங்குப்பூ என்றும் காக்கணம் என்றும் அழைக்கும் ஒரே கொடியின் நீல, வெள்ளை வகைகளே. தாவரவியலாருக்கு ஓரினம், கபிலருக்கு இரு மலர்கள். நிறம் மாறினால் பெயரும் மாறவேண்டும் என்று கருதிய கண் அது. நெய்தலுக்கு அவர் தரும் அடைகள் இரண்டு: நீளம், நறுமணம். நீர் எவ்வளவோ மலரும் அவ்வளவே நீளும் என்ற வள்ளுவரின் உவமை நினைவுக்கு வருகிறதல்லவா?

நிறத்தைப் பற்றி ஒரு சொல். தமிழில் கருமை, நீலம், பச்சை ஆகியவற்றுக்கிடையே இறுக்கமான வேலி கிடையாது. திருமாலை மாயோன் என்போம், நீலமேனியன் என்போம், பச்சை என்றும் சொல்வோம். உண்மையில் முழுக்கறுப்பான மலர் எந்நாட்டிலும் இல்லையென்றே சொல்லலாம். அலெக்சாந்தர் தூமா 1850இல் ஒரு நாவலின் நாயகப் பொருளாக்கிய கறுப்புத் துலிப்பைத் தேடி வளர்ப்பாளர்கள் இன்றுவரை அடைந்திருப்பதெல்லாம் அடர்ந்த கத்தரிப்பூ நிறமே. அந்தோசயனின் என்னும் சாறு இதழில் செறியச் செறிய ஒளி உள்ளே சென்று திரும்பாமற் போகிறது. அதைத்தான் நம் கண் கருமை என்கிறது. ஆகவே 'கரு' என்ற அடையைக் கண்டதும் மையின் நிறத்தைத் தேடக்கூடாது.

இந்நான்கனுள் மலைக்குரியது காயா. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டாகப் பகுக்கப்படும் இம்மலைத்தொடர் 1976 வரை மூன்று சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையில் கோமுகி பிறக்கிறது. இதன் காடுகளில் காயா குறுமரமாக நிற்கிறது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் கிளைகளின் கணுக்களில் கருநீலப் பொடிப்பூக்கள் மொய்த்துவிடும். ஆழ்வார்கள் காயாம்பூவண்ணன் என்றது இந்த நிறத்தைக் கண்டுதான். முதலாழ்வார் மூவரும் ஓரிடைகழியில் நெருக்கியடித்து நின்றதாகச் சொல்லப்படும் திருக்கோவலூரில் நிற்பவனும், உலகளந்த நெடியோன் அல்லவா? உயரமும் கருமையும் கூடிய வடிவத்தை இப்பகுதி மக்கள் நன்கறிவர்.

இம்மலைத் தாவரங்களை முறையாகத் தொகுத்தவர் அருட்தந்தை கே.எம். மாத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய அவர், கல்வராயன் உள்ளிட்ட மலைகளில் சேகரித்தவற்றைக் கொண்டு 1981 முதல் 1983 வரை தமிழ்நாட்டுக் கருநாடகப் பகுதியின் தாவரநூலை வெளியிட்டார். அதனுடன் கோட்டோவியத் தொகுதியும் உண்டு. இலையின் நரம்பு வரை பிசகாத ஓவியங்கள்தாம். ஆனால் நிறம்? உலர்த்திய தாளில் நீலம் மங்கிப் பழுப்பாகிவிடும். கோட்டோவியத்திலோ நிறத்திற்கே இடமில்லை. கபிலர் முதலிடம் தந்த ஒன்று, அறிவியலின் கையில் முதலில் நழுவுவது விந்தையே.

புகைப்படம் இக்குறையைத் தீர்த்திருக்கும் என்று எண்ணுவோம். தொடக்கத்தில் அது நேர்மாறாகவே நடந்தது. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தபோது இருந்த வெள்ளி உப்புகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. அதனால்தான் அக்காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு கருவிளைக் கொடியை அவர் படமெடுத்திருந்தால், கருநீலப்பூ வெளிறியும் செம்பருத்தி கறுத்தும் விழுந்திருக்கும்! 1873இல் ஹெர்மன் வோகல் சாயங்களைச் சேர்த்து இக்குறையைக் களைய வழிகண்டார்.

இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கும் கருமலர் எளிதில் வசப்படுவதில்லை. எங்கள் குழுவினர் கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கருவிளையை வளர்த்துப் படமெடுத்துப் பார்த்தோம். விதையின் தோல் கடினமானது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றி, ஆளுயரத்துக்கும் மேலாக மூங்கில் நட்டுவிட்டால் பிறகு கொடியே பார்த்துக்கொள்ளும். அவரைக்கு உறவு என்பதால் மண்ணையும் வளப்படுத்தும். தொல்லையெல்லாம் படத்தில்தான். கேமராவின் ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுகிறது. கரிய மலரைக் காட்டினால் இருட்டென்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும், இதழ் வெளுத்துவிடும். ஒரு படி குறைத்து, வெயில் ஏறுமுன் நிழலில் எடுத்தால் ஓரளவு ஒத்துவருகிறது. சில நீலமலர்கள் நம் கண்ணுக்குத் தெரியாத கடைச்சிவப்பு ஒளியையும் வீசுவதால் படத்தில் ஊதாவாகிவிடுவதுமுண்டு. எனவே, நிறத்தைக் கண்ணால் பார்த்து அங்கேயே எழுதிவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

இனிக் குவளைக்கு வருவோம். சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கருங்குவளையைப் பெண்ணின் கண்ணுக்கு ஒப்பிடாத புலவர் அரியர். ஆனால் நம் ஏரிகளில் இயல்பாக வளரும் நீலோற்பலம் பெரும்பாலும் வெளிர்நீலம். சில இடங்களில் ஏறத்தாழ வெள்ளை. பகலில் விரிந்து பிற்பகலில் குவியும் இம்மலரைக் கையில் ஏந்திக்கொண்டு 'கரு' என்ற அடையைப் படித்தால் சற்றே தயங்கத்தான் வேண்டும். புலவர்கள் மிகைப்படுத்தினர் என்று ஒதுக்குவது எளிது. வெள்ளைக்கும் நீலத்துக்கும் தனிப்பெயர் சூட்டிய மரபின்மீது அப்படியொரு பழியைச் சுமத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

செப்பேடுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. பல்லவர் காலத்து வரிகளுள் குவளையின் பெயரால் வசூலிக்கப்பட்டவை உண்டு. குவளை நடுவதற்கு ஒரு வரி, விற்பதற்குக் குவளைக்காணம் என்று அறிஞர் பொருள்கொள்வர். சி. மீனாட்சி அம்மையார் பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் குறித்து 1938இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வரிகள் ஆராயப்பட்டுள்ளன. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டிலும், கொடை பெற்றோர் மருவும் செண்பகமும் செங்கழுநீரும் நட்டுக்கொள்ளலாம் என்ற உரிமை சொல்லப்படுகிறது. நீர்ப்பூவை நடுவதற்கு அரசின் இசைவு! தானே முளைத்துக் கிடக்கும் பூவுக்கு யார் வரி கேட்பார்? குளத்தில் இறங்கிக் கிழங்கு நட்டு, பறித்து, கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் கொடுத்த மக்கள் இருந்தனர் என்பதே இதன் பொருள்.

நடுபவர் தேர்ந்தெடுப்பார். நெல்லிலும் வாழையிலும் நிகழ்ந்தது அதுவே. அடர்நிறப் பூவுக்குக் கூடுதல் விலை கிடைத்திருந்தால், அடர்நிறக் கிழங்கையே அடுத்த குளத்திலும் நட்டிருப்பர். புலவர் கண்ட கருங்குவளை மனிதக்கை பேணிய வகையாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அப்படியானால் நந்தவனக் குளங்கள் தூர்ந்து, நடுவோர் வேறு தொழில் நாடியபோது அவ்வகையும் அவர்களோடு போயிருக்கும். எஞ்சியது ஏரியின் வெளிர்நீலம். இதை மெய்ப்பிக்க எங்களிடம் செப்பேட்டுச் சொற்களுக்கு மேல் ஏதுமில்லை. ஆனால் பாட்டையும் வரியையும் பூவையும் ஒருங்கே விளக்கும் வேறு வழி எங்களுக்குப் புலப்படவில்லை.

இதற்குள் ஒரு புதிய குழப்பம் புகுந்துவிட்டது. நாற்றுப்பண்ணைகளில் நீலோற்பலம் என்ற பெயரில் அடர் ஊதாப் பூக்கள் விற்கப்படுகின்றன. நீர்மட்டத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். படத்துக்கு மிக அழகு. 'இதோ கருங்குவளை' என்று கூவத் தோன்றும். இலையின் நடுவே, காம்பு சேருமிடத்தில், குட்டிச்செடி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். முளைத்தால் அதன் முன்னோருள் மேற்கு ஆப்பிரிக்க அல்லி ஒன்று உண்டென்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இலங்கையில் இது நாட்டுப் பிரச்சினையாகவே ஆனது. 1986இல் நீலோற்பலம் அங்கே தேசிய மலராக அறிவிக்கப்பெற்றது. ஆனால் நூல்களிலும் சுவரொட்டிகளிலும் இடம்பெற்ற படம் அழகான ஊதா நிற அயற்கலப்பினத்துடையது என்பதைத் தாவரவியலார் பின்னர் எடுத்துக்காட்டினர். உண்மையான மலர் வெளிறியிருந்தது, ஆகவே படப்பிடிப்பில் தோற்றுவிட்டது! கலப்பினம் நீர்நிலைகளில் பரவி இயல்பான செடியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியதையும் அவர்கள் எச்சரித்தனர்.

எங்கள் தோட்டத்தில் இப்போது இரு சிமெண்ட் தொட்டிகள் உள்ளன. ஒன்றில் ஏரியிலிருந்து கொணர்ந்த கிழங்கு, மற்றதில் பண்ணையில் வாங்கியது. இரண்டிலும் அடியில் ஏரி வண்டல், மேலே ஒன்றரை அடி நீர், கொசுவுக்குக் கப்பி மீன். ஏரிக்கிழங்கின் பூ காலை எட்டரைக்கு விரிந்தபோது நிறம் வெளிர்நீலம், இதழ்நுனியில் மட்டும் சற்றே அடர்த்தி. அவ்வாறே குறித்துள்ளோம். பண்ணைச் செடியின் இலையில் குட்டி முளைத்துவிட்டது. அதன் சீட்டில் 'கலப்பினம்' என்று எழுதித் தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருக்கிறோம். படம் வேண்டுமென்று கேட்கும் நண்பர்கள் அச்சீட்டை வெட்டிவிடாமல் பயன்படுத்துமாறு வேண்டுகிறோம்.